வளைகுடாவில் உணவு டெலிவரி: வேலூரிலேயே தொடங்க வேண்டிய பயிற்சி

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், குடியாத்தம் ஆனாலும் வாணியம்பாடி ஆனாலும், வளைகுடாவுக்கு ஒருவரையேனும் அனுப்பாத தெருவைக் காண்பது கடினம். முன்பெல்லாம் கட்டட வேலைக்கும், வீட்டு ஓட்டுநர் வேலைக்கும், கடை வேலைக்கும் போனார்கள். இப்போது இருபது வயதைத் தாண்டிய பிள்ளைகள் பலர் ஏஜென்டிடம் முதலில் விசாரிப்பது டெலிவரி பைக் வேலையைத்தான். பைக் ஓட்டத் தெரியும், உடம்பில் தெம்பு இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் போய்ச் சேர்ந்தவர்களைக் கேட்டால், ஓட்டுவதற்குச் செலவான மூளையைவிட முகவரியைப் பிடிப்பதற்கும், நாற்பது மாடிக் கட்டடத்துக்குள் நேரத்தைத் தொலைக்காமல் ஏறி இறங்குவதற்கும், கையில் சேரும் ரொக்கத்துக்குக் கணக்குச் சொல்வதற்கும், மாதக் கடைசியில் எது வரவு எது பிடித்தம் என்று புரிந்துகொள்வதற்கும் செலவானதே அதிகம் என்பார்கள். இவற்றில் பெரும்பகுதியை விமானம் ஏறும் முன் வேலூரிலேயே, கடனுக்கு வட்டி ஓடத் தொடங்காத நாள்களிலேயே, கற்றுக்கொண்டுவிட முடியும். அதற்கான வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் துபாயைச் சார்ந்தவை. மற்ற நாடுகளில் நடைமுறை மாறுபடும் சில இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எந்த நாட்டில் இந்த வேலைக்கு அனுமதி உண்டு

இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் உணவு டெலிவரி செயலிகளில் அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே ஓட்டலாம். ஒர்க் பெர்மிட்டில் போனவர் வார விடுமுறையில் கைச்செலவுக்காக ஓட்டினாலும் அது சட்டமீறல்தான். காட்பாடிக் கல்லூரிகளில் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் பிரிட்டன் போகும் மாணவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே பட்டப்படிப்பு மாணவருக்குப் பாடக்காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்ய அனுமதி உண்டு என்றாலும், சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. டெலிவரி செயலிகள் பெரும்பாலும் ஓட்டுநரைச் சுயதொழிலர் என்றே பதிவு செய்கின்றன. இன்னொருவர் பெயரில் உள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டும் வழக்கத்தை எவராவது சொல்லிக்கொடுத்தால், அது விசாவுக்கே உலை வைக்கும் வழி என்று அறிந்து விலக வேண்டும்.

வளைகுடா நாடுகளில் வெளிநாட்டவர் இந்த வேலையை முறையாகச் செய்யலாம். அங்கும் நம்மவர் பெரும்பாலும் செயலி நிறுவனத்தின் நேரடி ஊழியராக இருப்பதில்லை. அந்நிறுவனத்துக்கு ஆளும் பைக்கும் அனுப்பும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் விசாவில்தான் இருப்பார். சட்டையில் ஒரு பெயரும் விசாவில் வேறொரு பெயரும் இருப்பது இதனால்தான். சம்பளம், விடுப்பு, பிடித்தம் எல்லாம் விசாவில் உள்ள நிறுவனத்தின் பொறுப்பு என்பதால், ஊரில் விசாரிக்கும்போது அந்தப் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஊரில் இருக்கும்போதே

கியர் உள்ள இருசக்கர வாகனத்துக்கான உரிமத்தை எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுத்துவிடுங்கள். இந்திய உரிமத்தைக் காட்டித் துபாயில் வேலை பார்க்க முடியாது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் சுற்றுலாப் பயணிக்குத்தான் பயன்படும், அங்கே குடியிருப்பு விசா பெற்றவருக்குப் பயன்படாது. ஆனாலும் சொந்த நாட்டு உரிமம் எவ்வளவு பழையதோ அதற்கேற்ப அங்கே கட்டாயப் பயிற்சி வகுப்புகள் குறையும். வகுப்பு குறைந்தால் செலவும் காத்திருப்பும் குறையும். ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போடுவதை ஏனோதானோ என்று முடித்துவிட்டு வருவது நம் வழக்கம். அங்கே அந்த எட்டையும், கூம்புகளுக்கு இடையே காலை ஊன்றாமல் மெதுவாக வளைந்து செல்வதையும் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். வேகமாக ஓட்டத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு மெதுவாக ஓட்டுவதுதான் சிரமமாக இருக்கிறது. கோட்டை மைதானம் போன்ற வெற்றிடத்தில் அதிகாலையில் முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்தபடி, நடக்கும் வேகத்தில் எட்டுப் போட்டுப் பழகுவதற்குப் பெட்ரோல் காசைத் தவிர வேறு செலவில்லை.

அடுத்து, வேலூரிலேயே சில மாதங்கள் ஸ்விக்கி அல்லது சொமேட்டோவில் ஓட்டிப் பாருங்கள். இந்த வேலைக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் இந்த அளவுள்ள ஊர்களில் அரிது என்பது என் கருத்து. காரணம் இரண்டு. ஒன்று, காட்பாடியில் வி.ஐ.டி. வாசல். மாலை வேளையில் பல ஆர்டர்கள் ஒரே வாயிலில் குவிய, பெயரைக் கூப்பிட்டு, எண்ணைச் சரிபார்த்து, மாற்றிக் கொடுக்காமல் ஒப்படைக்கும் பதற்றத்தை அங்கே கற்கலாம். இரண்டாவது, சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகள். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் தங்கியிருப்போரில் மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த நோயாளிகளும் உறவினர்களும் ஏராளம். அவர்களிடம் உணவை ஒப்படைக்க இந்தி வேண்டும். துபாயிலும் சக ஓட்டுநரிடமும் கட்டடக் காவலரிடமும் பேச வேண்டியது பெரும்பாலும் இந்தியோ உருதுவோதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் "எந்த மாடி", "எந்த வாசல்", "ஐந்து நிமிடத்தில் வருகிறேன்", "லிஃப்ட் எங்கே இருக்கிறது" என்பவற்றை மட்டுமாவது தயக்கமின்றிச் சொல்லும்வரை இந்த விடுதிப் படிக்கட்டுகளில் பழகிக்கொள்ளலாம்.

உணவைக் கட்டும் முறையையும் இங்கேயே கவனியுங்கள். ஆம்பூர் பிரியாணிப் பொட்டலம் சிந்துவதில்லை. அதனுடன் வரும் தயிர்ப் பச்சடியும் கத்திரிக்காய்க் குழம்பும்தான் கவிழ்ந்து பெட்டியை நாறடிக்கும். துபாயில் அந்த இடத்தைப் பிடிப்பது கடக் சாயா என்னும் பால் தேநீர்: காகிதக் கோப்பையில், அழுத்தினால் கழன்றுவிடும் மூடியுடன் வரும். நீர்ப் பொருளை நிமிர்த்தி, பெட்டியின் மூலையில், இரண்டு பக்கமும் கனமான பொட்டலத்தால் அண்டை கொடுத்து வைக்க வேண்டும். சூடானதையும் ஐஸ்கிரீமையும் ஒரே பையில் போடக் கூடாது. பெட்டியில் இடம் மிஞ்சினால் மடித்த துணியோ அட்டையோ வைத்து நெருக்க வேண்டும். வேகத்தடையில் பைக் துள்ளும்போது பெட்டிக்குள் எதுவும் நகரவில்லை என்றால் சரியாக அடுக்கியிருக்கிறீர்கள் என்று பொருள்.

ஏஜென்ட், தாள்கள், கடன்

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் பொதுவாக குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. அத்தகையவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். இ-மைக்ரேட் இணையதளம் அதற்காகத்தான். அதே தளத்தில் உங்கள் ஏஜென்டின் பதிவு நடப்பில் உள்ளதா என்று எவரும் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு ரூ.30,000, அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ரூ.35,400. அதற்கு மேல் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். 1978இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. தனியார் ஏஜென்டிடம் போகும் முன் அதன் அறிவிப்புகளைப் பார்த்துவிடுவது நல்லது.

"இப்போதைக்கு விசிட் விசாவில் போய்விடு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்பது ஏஜென்ட்கள் பாடும் பழைய பாட்டு. அப்படிப் போனால் குடியேற்ற அனுமதியும் இல்லை, அதனுடன் கட்டாயமாக வரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் இல்லை. அந்தக் காப்பீட்டில் இரண்டு ஆண்டுக்கு ரூ.275 கட்டினால் விபத்தில் உயிரிழப்புக்கோ நிரந்தர ஊனத்துக்கோ 10 லட்சம் ரூபாய் வரை உண்டு. நாள் முழுதும் சாலையில் இருக்கப்போகிறவர் இதை விட்டுவிட்டுப் போவது அறிவுடைமை ஆகாது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலைக்கான அழைப்புக் கடிதத்தை அரபி, ஆங்கிலம் ஆகியவற்றுடன் தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் தர வேண்டும் என்பது விதி. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. ஆகவே தமிழ்ப் படியைக் கேட்டு வாங்கி, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படித்த பிறகே கையெழுத்திடுங்கள். அதில் எழுதியிருக்கும் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஆர்டர் கணக்கில் ஊதியம் என்றால் ஓர் ஆர்டருக்கு எவ்வளவு, உரிமம் கிடைக்கும் வரையிலான மாதங்களில் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் யார் பொறுப்பு, உரிமச் செலவு நிறுவனத்துடையதா அல்லது தவணையாகப் பிடிக்கப்படுமா, பைக் வாடகையும் பெட்ரோலும் யார் தலையில், பைக் விழுந்து சேதமானால் என்ன செய்வார்கள் என்ற ஆறு கேள்விக்கும் எழுத்தில் விடை இல்லையென்றால், வாய்மொழியாகச் சொன்ன எந்தத் தொகையையும் நம்ப வேண்டாம். விசாவுக்கும் ஆள்சேர்ப்புக்கும் ஆகும் செலவைத் தொழிலாளியிடமிருந்து வசூலிப்பதை 2021ஆம் ஆண்டின் அமீரகத் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. பாஸ்போர்ட்டை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்வதும் அங்கே சட்டத்துக்குப் புறம்பானது.

இனிக் கணக்கு. புரிந்துகொள்வதற்காகச் சில எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் உள்ள எண்களை அந்த இடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் ஆர்டருக்கு 8 திர்ஹம், நாளுக்கு 20 ஆர்டர், மாதம் 26 நாள் வேலை என்றால் 4,160 திர்ஹம் வரும். "மாதம் நாலாயிரம்" என்று ஏஜென்ட் சொல்வது இந்தத் தொகையைத்தான். இதிலிருந்து பைக்குக்கு 600, பெட்ரோலுக்கு 350, அறையில் ஒரு கட்டிலுக்கு 600, சாப்பாட்டுக்கு 450, கைபேசிக்கு 100, உரிமத் தவணைக்கு 400 என்று கழித்தால் மொத்தம் 2,500 போய் 1,660 திர்ஹம் மிஞ்சும். ஒரு திர்ஹத்துக்கு 23 ரூபாய் என்று கொண்டால் அது ரூ.38,180. ஊரில் ஒன்றரை லட்சத்தை நூற்றுக்கு மூன்று வட்டியில் வாங்கியிருந்தால் மாதம் ரூ.4,500 வட்டிக்கே போகும். அதுவும் உரிமத்துக்காகக் காத்திருக்கும் மாதங்களில் ஒரு ஆர்டரும் ஓட்டாத நிலையிலேயே போகும். வீட்டு நகையை வங்கியில் அடகு வைப்பது மனத்துக்கு வருத்தம்தான் என்றாலும், தெருவட்டியைவிட அது எவ்வளவோ மேல். எப்படியும் முதல் மூன்று மாதத்துக்கு வீட்டுக்குப் பணம் வராது என்று அம்மாவிடமும் மனைவியிடமும் கிளம்பும்போதே சொல்லிவிட வேண்டும்.

மூட்டை கட்டும்போது ஒன்று மட்டும்: அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்காக அம்மா பொட்டலம் கட்டி வைத்தாலும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். வலி மாத்திரைகளில் சிலவும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை என்பதால் மருத்துவர் சீட்டில்லாமல் எதையும் கொண்டுபோகக் கூடாது.

வலது பக்கச் சாலை

இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, எமிரேட்ஸ் அடையாள அட்டை, பிறகு ஓட்டுநர் பள்ளி. கண் பரிசோதனை, விதிமுறைத் தேர்வு, மைதானத் தேர்வு, சாலைத் தேர்வு என்று படிகள் உண்டு. உரிமம் பெற்ற பின் டெலிவரிக்கென்று தனிப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். விதிமுறைத் தேர்வைச் சைகைப் பலகைகளை நெட்டுருப் போட்டுக் கடந்துவிடலாம். பழக்கத்தை மாற்றுவதுதான் கடினம்.

அங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடுகின்றன. நெரிசலான சாலையில் இதனால் தொல்லை வருவதில்லை. முன்னால் போகும் வண்டியைப் பின்பற்றினாலே போதும். இரவு ஒரு மணிக்குப் பெட்ரோல் பங்கிலிருந்து வெறிச்சோடிய சாலைக்கு வெளியே வரும்போது, பழக்கப்பட்ட கை தானாக இடது பக்கம் திருப்பிவிடும். எதிரே வண்டி வரும்வரை தவறு தெரியாது. ஆகவே சாலைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும், கூட வந்தவர் சிரித்தாலும் பரவாயில்லை, "வலது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்புங்கள். ரவுண்டானாவிலும் எல்லாம் தலைகீழ்: வேலூரில் கிரீன் சர்க்கிளை வலமாகச் சுற்றி, வலப்பக்கம் பார்த்து நுழைகிறோம், அங்கே இடமாகச் சுற்ற வேண்டும், ஏற்கெனவே உள்ளே இருந்துகொண்டு இடப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். கழுத்து முதலில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை ஊரில் நடந்து போகும்போதே பழக்கலாம்.

துபாயில் 2025 நவம்பர் 1 முதல் டெலிவரி பைக்குகளுக்குத் தடப்பிரிவு விதி கடுமையாகியிருக்கிறது. ஐந்தும் அதற்கு மேலும் தடங்கள் உள்ள சாலையில் இடக்கோடியில் உள்ள இரண்டு வேகத் தடங்களிலும், மூன்று அல்லது நான்கு தடங்கள் உள்ள சாலையில் இடக்கோடித் தடத்திலும் போகக் கூடாது. ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்தால் 800 திர்ஹம் அபராதமும், உரிமத்தில் ஏறும் தண்டனைப் புள்ளியான கரும்புள்ளி 4உம். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 1,000 திர்ஹமும் 12 கரும்புள்ளியும். 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் முடக்கப்படும். ஒரு சிவப்பு விளக்கின் விலை, மேலே போட்ட கணக்கில், 125 ஆர்டர்.

முகவரியும் கட்டடமும்

நம் ஊரில் "பிள்ளையார் கோவில் எதிரில், மாடியில் பச்சைக் கதவு" என்றால் போய்ச் சேர்ந்துவிடலாம். வளைகுடாவில் ஒவ்வொரு நாடும் எண்களால் முகவரி சொல்லும் முறை ஒன்றை வைத்திருக்கிறது. துபாயில் கட்டட வாசல் ஒவ்வொன்றுக்கும் மகானி எனப்படும் 10 இலக்க எண் உண்டு. ஒரே கட்டடத்துக்கு இரண்டு வாசல் இருந்தால் இரண்டு எண் இருக்கும் என்பதால், கூகுள் வரைபடத்தின் புள்ளி குழப்பும் இடத்தில் இந்த எண் காப்பாற்றும். கத்தாரில் வாசலில் உள்ள நீலப் பலகையில் பகுதி, தெரு, கட்டடம் என்று மூன்று எண்கள். குவைத்தில் பிளாக், தெரு, வீடு என்ற வரிசை. சவூதியில் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட சுருக்க முகவரி. போகப்போகும் நாட்டின் முறையைப் பத்து முகவரிகளை எடுத்துக் கைபேசி வரைபடத்தில் தேடித் தேடி ஊரிலேயே பழகிவிடலாம்.

சாலை முடிந்த இடத்தில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. வாடிக்கையாளர் அனுப்பிய லொகேஷன் புள்ளி கட்டடத்தின் நடுவில் விழுந்திருக்கும்; வரைபடம் உங்களைப் பின்புறச் சாலைக்குக் கூட்டிப்போய், நீச்சல்குள மதிலுக்கு எதிரே நிறுத்திவிட்டு, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று அறிவிக்கும். வாசல் அந்தப் பக்கம். அங்கே போக அடுத்த திருப்பம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால். வாசலுக்கு வந்தால் பைக்கை முன்னால் நிறுத்தக் கூடாது என்பார் காவலர். நிறுத்திவிட்டு வந்தால் பெயரை எழுதச் சொல்வார், சில கட்டடங்களில் அடையாள அட்டையையும் கேட்பார்; டெலிவரிக்காரருக்கு வேலையாள் லிஃப்ட்தான், அது தரைக்குக் கீழே இருக்கும். முப்பத்திரண்டாம் மாடியில் கதவைத் தட்டும்போது, குழந்தை தூங்குகிறது, மணி அடிக்க வேண்டாம் என்று செயலியில் எழுதியிருந்த குறிப்பைப் பார்க்காமல் மணியை அடித்துவிட்டால் மதிப்பெண் போய்விடும்.

என் அறையில் தங்கியிருந்த குடியாத்தத்து அண்ணன் ஒருவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். ஒரு கட்டடத்துக்கு நான்கு வரி: வரைபடத்தில் எந்தச் சாலையைக் கொடுத்தால் சரியான வாசல் வரும், பைக்கை எங்கே விடலாம், எந்த லிஃப்ட், காவலர் எந்த ஊர்க்காரர். "தம்பி, ரோட்டுல முறுக்கி ரெண்டு நிமிஷம் மிச்சம் பண்ணுவே, லிஃப்ட்டுல நின்னு பத்து நிமிஷம் உட்டுடுவே. பில்டிங்க எழுதிப் போடுப்பா" என்பார். அவர் சொன்னது முழுக்க உண்மை. ஒரு பகுதியில் ஆர்டர்கள் மீண்டும் மீண்டும் அதே சில கட்டடங்களுக்குத்தான் வருகின்றன. ஆகவே புதிதாகச் சேர்ந்தவர், இயன்றவரை முதல் இரண்டு மாதமும் ஒரே பகுதியை விடாமல் கேட்டு வாங்கி ஓட்டுவதுதான் வேகத்துக்கு வழி. அந்த நோட்டைக் கைபேசியில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். லிஃப்டுக்குள் கைபேசியை எடுக்க, இரண்டு கையிலும் உள்ள பொட்டலத்தைக் கீழே வைக்க வேண்டியிருக்கும் என்பதால் எனக்குக் காகிதமே பிடிக்கும்.

உணவகத்தில் பொட்டலத்தை வாங்கும்போது ஆர்டர் எண்ணையும் முத்திரை ஒட்டியிருப்பதையும் பானங்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. உணவு தயாராகவில்லை என்றால் அதைச் செயலியில் உடனே பதிவு செய்ய வேண்டும், இல்லையெனில் தாமதம் உங்கள் பெயரில் விழும். வாடிக்கையாளரை அழைக்க வேண்டி வந்தால் "குட் ஈவ்னிங் சார், டெலிவரி, ஐ ஆம் அட் தி லாபி" என்ற அளவுக்கு ஆங்கிலம் போதுமானது. குரலில் பணிவும் தெளிவும் இருந்தால் இலக்கணத்தை எவரும் பார்ப்பதில்லை. எவருக்கும் உங்கள் கணக்கை ஓட்டக் கொடுக்காதீர்கள், அறை நண்பராக இருந்தாலும் சரி. முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் முறை வந்துவிட்டது.

ரொக்கமாகப் பணம் வாங்கும் ஆர்டர்களுக்குத் தனிப் பணப்பை வையுங்கள். சொந்தக் காசையும் வசூல் காசையும் கலந்தவருக்குத்தான் மாதக் கடைசியில் துண்டு விழும், அந்தத் துண்டு சம்பளத்தில் பிடிக்கப்படும். சில்லறையாக ஐம்பது திர்ஹமாவது எப்போதும் கையில் இருக்கட்டும்.

வெயிலும் நோன்பும்

வேலூர்க்காரரிடம் வெயிலைப் பற்றிப் பேசினால் சிரிப்பார். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரிக்கு மேல் காய்கிற ஊரில் பிறந்தவருக்கு யார் வெயிலைக் காட்டுவது? இந்த மமதைதான் ஆபத்து. வேலூரின் வெயில் வறண்டது. வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்து உடம்பைக் குளிரச் செய்துவிடும். கடலை ஒட்டிய துபாயில் ஆகஸ்டு மாதக் காற்றில் ஈரம் நிரம்பியிருப்பதால் வியர்வை உலராமல் ஊற்றிக்கொண்டே இருக்கும், உடம்பின் சூடு மட்டும் இறங்காது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல், ஒவ்வோர் ஆர்டர் முடிந்ததும் சில மடக்கு நீர் குடிக்க வேண்டும். நாளில் ஓரிரு முறை உப்புக் கலந்த மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ வேண்டும். தலை கிறுகிறுத்து, வாந்தி வருவதுபோல் இருந்து, பேச்சுக் குழறினால் ஆர்டரை விட்டுவிட்டு நிழலுக்கும் குளிரூட்டிய இடத்துக்கும் போய்விட வேண்டும். துபாயில் சாலைப் போக்குவரத்து ஆணையம் டெலிவரி ஓட்டுநருக்கென்றே குளிரூட்டிய ஓய்விடங்களைப் பல பகுதிகளில் அமைத்திருக்கிறது. உங்கள் பகுதியில் அவை எங்கே உள்ளன என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டென்றாலும், மதியச் சாப்பாட்டு ஆர்டர்கள் குவிவதும் அந்நேரத்தில்தான், பைக்குகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ரமலான் மாதத்தில் நாளின் அமைப்பே மாறிவிடும். பகலில் ஆர்டர் குறைந்து, நோன்பு திறக்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் எல்லா ஆர்டரும் ஒன்றாக வந்து விழும். பாங்கு ஒலிக்கும் முன் வீட்டுக்குப் போய்ச் சேர விரும்பும் கார்களும் அதே சாலையில் பறந்துகொண்டிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் ஓர் ஆர்டர் குறைந்தாலும் சரி என்று நிதானமாக ஓட்டுபவரே புத்திசாலி. நோன்பு வைக்காதவர்கள் பகலில் பிறர் காணத் தண்ணீர் குடிக்காமல் ஒதுங்கிக் குடிப்பது மரியாதை. மழை அரிதாகப் பெய்யும் ஊர் என்பதால் முதல் தூறலில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். முன் பிரேக்கைத் தொடாமல் ஓரமாக நிற்பது நல்லது.

விழுந்தால், பணம் வராவிட்டால்

விபத்து நடந்தால் சமாதானம் பேசுவதற்கு அவசரப்படாமல் 999க்கு அழையுங்கள். காயம் இருந்தால் ஆம்புலன்சுக்கு 998. அமீரகத்தில் காவல்துறை அறிக்கை இல்லாமல் எந்தப் பட்டறையும் மோதிய வண்டியைச் சரிசெய்யாது. அந்த அறிக்கை இல்லையென்றால் பழுதுச் செலவு முழுவதும் உங்கள் சம்பளத்தில் வந்து நிற்கும். சிறு சிராய்ப்பு என்றாலும் மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்குங்கள், மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருவது நிறுவனத்தின் கடமை. உங்கள் பெயரில் விழுந்த அபராதங்களைக் காவல்துறைச் செயலியில் வாரம் ஒரு முறை நீங்களே பாருங்கள். நிறுவனம் பிடித்த தொகையும் செயலியில் உள்ள தொகையும் ஒன்றா என்று அப்போதுதான் தெரியும்.

சம்பளம் அங்கே ஊதியப் பாதுகாப்பு முறை வழியாக வங்கிக் கணக்கிலோ அட்டையிலோ வர வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது சரியான முறை அல்ல. செயலியில் காட்டும் ஆர்டர் எண்ணிக்கையை ஒவ்வோர் இரவும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் மாதக் கடைசியில் வாதாட ஆதாரம் இருக்கும். நிறுவனத்திடம் கேட்டும் பயனில்லை என்றால் அமீரக மனிதவள அமைச்சகத்தில் புகார் பதியலாம். இந்தியர்களுக்கான உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 800 46342. ஊரில் இருக்கும் குடும்பத்தினர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் உங்கள் சார்பில் புகார் தரலாம். அதற்கு உங்கள் பாஸ்போர்ட், விசா, அழைப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்க வேண்டும் என்பதால், கிளம்பும் நாளுக்கு முன்பே மூன்றையும் நகலெடுத்துத் தங்கையிடமோ மனைவியிடமோ கொடுத்துவிடுங்கள்.